வன்தட்டின் விலையும் வீட்டுக் கணினியின் மதிப்பும்

வீட்டுக் கணினிகளை ஒப்பிடும்போது அதிகம் பேசப்படும் எண் சேமிப்பகத்தின் கொள்ளளவு ஆகும். கடைப் பலகையிலும் இணைய விற்பனைப் பக்கத்திலும் அரசு அறிவிப்பிலும் இந்த எண் தவறாமல் இடம்பெறுகிறது. எந்தக் கணினியில் ஒரு கிகாபைட் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதோ, அதுவே நல்ல கணினி என்ற முடிவுக்குப் பலர் எளிதில் வந்துவிடுகின்றனர். இந்த ஒப்பீட்டு முறை 1980களில் சில இடங்களில் தவறியது, இன்றும் தவறுகிறது. வாங்கும் நாளில் வன்தட்டு என்ன விலை என்பதுடன், அது நிறைந்த நாளிலோ பழுதான நாளிலோ வேறொன்றை வாங்கிப் பொருத்த முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வன்பொருளின் மதிப்பு தெரியும். இக்கட்டுரை அமெரிக்க, ஐரோப்பிய வீட்டுக் கணினிப் போட்டியையும், தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினிகளையும், இன்றைய சந்தையையும் அந்த அளவுகோலால் மதிப்பிடுகிறது.

வழக்கமான ஒப்பீடும் அதன் குறையும்

வழக்கமான ஒப்பீட்டில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, அது கொள்ளளவை மட்டும் பார்க்கிறது, வேகத்தைப் பார்ப்பதில்லை. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் வன்தட்டு ஒரு நொடியில் 90 சுற்றுச் சுற்றும். தேவையான தரவு படிப்புமுனைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று ஆகும், அதாவது சுமார் 5.6 மில்லிநொடி. படிப்புமுனை நகரும் நேரம் இதற்கு மேல். சுழலும் பாகம் எதுவும் இல்லாத திண்மநிலை இயக்ககத்தில் (கடைவழக்கில் எஸ்எஸ்டி) இந்தக் காத்திருப்பு ஒரு மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே 500 கிகாபைட் வன்தட்டையும் 256 கிகாபைட் எஸ்எஸ்டியையும் எண்ணால் மட்டும் ஒப்பிடுவது, மாட்டுவண்டியையும் பேருந்தையும் இருக்கைகளை எண்ணி ஒப்பிடுவது போன்றது.

இரண்டாவது, விளம்பர எண்ணுக்கும் பயன்படும் எண்ணுக்கும் இடைவெளி உண்டு. உற்பத்தியாளர் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட் எனக் கணக்கிடுகிறார். விண்டோஸ் இயங்குதளமோ 1,024ஐ அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகிறது. அதனால் 256 கிகாபைட் இயக்ககம் திரையில் 238 எனவும், 320 கிகாபைட் வன்தட்டு 298 எனவும் தெரியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் இயங்குதளம், அலுவலக மென்பொருள், இற்றைப்படுத்தல்கள் ஆகியவை எடுத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் மீதமே மாணவருக்குரியது.

மூன்றாவது குறையே முக்கியமானது. வழக்கமான ஒப்பீடு ஒரு நாளின் விலையைப் பார்க்கிறது. கணினியோ நான்கைந்து ஆண்டுகள் வீட்டில் இருக்க வேண்டிய பொருள்.

1980களின் போட்டி: மேக்கின்டோஷ், அட்டாரி எஸ்டி, அமிகா

1984 ஜனவரியில் 2,495 டாலர் விலையில் வெளிவந்த முதல் மேக்கின்டோஷில் வன்தட்டு இல்லை, வன்தட்டுக்கென இணைப்பு வாயும் இல்லை. அதன் உறையைத் திறக்க நீளமான சிறப்புத் திருப்புளி தேவைப்பட்டது. பயனர் உள்ளே கைவைக்கக் கூடாது என்பதே வடிவமைப்பின் நோக்கம். 1985 செப்டம்பரில் ஆப்பிள் 20 மெகாபைட் வெளிப்புற வன்தட்டை 1,495 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு மெகாபைட்டுக்கு ஏறத்தாழ 75 டாலர். வேறு வழியில்லாததால் அது நெகிழ்வட்டுக்குரிய இணைப்பு வாயிலேயே பொருத்தப்பட்டது, எனவே மெதுவாக இயங்கியது.

அடுத்த ஆண்டு அட்டாரி நிறுவனம் 1 மெகாபைட் நினைவகம் கொண்ட 1040எஸ்டி கணினியை ஒற்றை நிறத் திரையுடன் 999 டாலருக்கு விற்றது. ஆப்பிளின் ஒரு வன்தட்டு விலையில் ஓர் அட்டாரி கணினியையே வாங்கி, மீதிப் பணத்தையும் கையில் வைத்திருக்கலாம். இந்தக் கணக்கைக் காட்டித்தான் அட்டாரி ஆதரவாளர்கள் தங்கள் கணினியே மதிப்புமிக்கது என வாதிட்டனர். எஸ்டி வரிசையில் தொடக்கம் முதலே வன்தட்டுக்கான இணைப்பு வாயும் இருந்தது. வாதம் வலுவாகவே தோன்றும்.

ஆனால் அந்த இணைப்பு வாய் அட்டாரிக்கே உரிய வகை. சிறு கணினிகளுக்கான ஸ்கசி என்னும் பொது இடைமுகம் 1986இல்தான் முறையான தரநிலையானது. அதற்கு முன்பே, குறைந்த செலவில் கணினியை முடிக்க வேண்டிய நிலையில், அட்டாரி அதை ஒத்த ஆனால் அதனுடன் நேராகப் பொருந்தாத ஒன்றைத் தானே உருவாக்கிக்கொண்டது. அதன் விளைவைப் பயனர் பின்னர் சுமந்தார். சந்தையில் கிடைக்கும் பொதுவான ஸ்கசி வன்தட்டை எஸ்டியுடன் இணைக்க, ஐசிடி, சுப்ரா போன்ற நிறுவனங்களின் இடைமாற்றிப் பலகையைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. அல்லது அட்டாரியே விற்ற பெட்டியை வாங்க வேண்டியிருந்தது.

இதே காலத்தில் ஆப்பிள் எதிர்த்திசையில் நகர்ந்தது. 1986 ஜனவரியில் 2,599 டாலருக்கு வந்த மேக்கின்டோஷ் பிளஸ் கணினியில் ஸ்கசி இணைப்பு வாய் இருந்தது. அதன் பிறகு எந்த நிறுவனத்தின் ஸ்கசி வன்தட்டையும் மேக்கில் இணைக்க வழி பிறந்தது, ஆப்பிளின் வன்தட்டுக்குப் போட்டி வந்தது. விலை உயர்ந்த கணினிக்குத் திறந்த வழி, விலை குறைந்த கணினிக்குக் குறுகிய வழி என்ற வேடிக்கையான நிலை இப்படி ஏற்பட்டது. மொத்தச் செலவைக் கூட்டினால் அப்போதும் அட்டாரியே மலிவு. ஆனால் 1,495 டாலர் என்ற ஓர் எண்ணை வைத்துத் தோன்றிய பிரம்மாண்டமான இடைவெளி, இரண்டாவது வன்தட்டு வாங்கும் நாளில் கணிசமாகச் சுருங்கியது.

மூன்றாவது போட்டியாளர் கொமடோரின் அமிகா. 1987இல் வந்த அமிகா 500 கணினிக்கு, பக்கவாட்டில் செருகும் ஏ590 என்ற 20 மெகாபைட் வன்தட்டுப் பெட்டியைக் கொமடோர் பின்னர் விற்றது. 20 மெகாபைட்டை மட்டும் கணக்கிட்டால் அது விலை கூடிய பொருளே. ஆனால் அப்பெட்டிக்குள் கூடுதலாக 2 மெகாபைட் வரை நினைவகம் பொருத்தும் இடமும், வேறு வன்தட்டுகளை இணைக்க ஸ்கசி வசதியும் இருந்தன. வன்தட்டு என்ற பெயரில் உண்மையில் விற்கப்பட்டது விரிவாக்க வசதி. இதில் மறைந்திருந்த செலவும் ஒன்று உண்டு. பழைய அமிகா 500களில் இருந்த 1.2 பதிப்பு உள்நிரல், வன்தட்டிலிருந்து நேரடியாகத் தொடங்க இயலாதது. நெகிழ்வட்டைப் போட்டுத் தொடங்க வேண்டும், அல்லது 1.3 பதிப்புச் சில்லை வாங்கி மாற்ற வேண்டும். விலைப்பட்டியல்களை மட்டும் ஒப்பிட்டவருக்கு இது வீட்டிற்கு வந்த பிறகே தெரிந்திருக்கும்.

1992இல் வெளிவந்த அமிகா 1200, அட்டாரி பால்கன் 030 இரண்டிலும் பொதுவான ஐடிஇ வகை 2.5 அங்குல வன்தட்டை உள்ளேயே பொருத்தும் வசதி இருந்தது. ஏழாண்டுகள் மோதிய இரு போட்டியாளர்களும் வன்தட்டு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தனர். சந்தையில் எல்லோருக்கும் கிடைக்கும் வன்தட்டே பயனருக்கு மலிவு என்பதே அம்முடிவு.

தமிழ்நாட்டின் மடிக்கணினிகள்: 320இலிருந்து 256

இந்தியாவில் அக்காலத்து வீட்டுக் கணினிகள் பரவலாக வரவில்லை. 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியாகச் சில பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. தமிழ்நாட்டின் எளிய குடும்பங்கள் பலவற்றில் முதல் கணினியாக நுழைந்தது அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிதான். அத்திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. திருத்தணியும் அதே மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்.

முதல் கட்ட மடிக்கணினிகளில் 2 கிகாபைட் நினைவகமும் 320 கிகாபைட் வன்தட்டும் இருந்தன. லெனோவோ, ஏசர், எச்சிஎல் உள்ளிட்ட நிறுவனங்கள் வழங்கின. விண்டோஸ் 7 தொடக்கப் பதிப்புடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது.

திட்டம் தொடங்கிய அடுத்த மாதமே தாய்லாந்தில் பெருவெள்ளம் ஏற்பட்டு வெஸ்டர்ன் டிஜிட்டல் உள்ளிட்ட நிறுவனங்களின் வன்தட்டு ஆலைகள் மூழ்கின. உலகெங்கும் வன்தட்டு விலை கிடுகிடுவென உயர்ந்தது. வன்தட்டின் விலை கணினி விற்பவரின் பேராசையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இது சான்று. 2025இன் பிற்பகுதியில் இதே போன்ற நிலை வேறு காரணத்தால் திரும்பியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் நினைவகச் சில்லுகள், எஸ்எஸ்டிகள் ஆகியவற்றின் விலை ஏறியது.

2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கும் புதிய திட்டம் அறிவிக்கப்பட்டது. இதன்படி வழங்கப்படும் மடிக்கணினியில் 8 கிகாபைட் நினைவகமும் 256 கிகாபைட் எஸ்எஸ்டியும் உள்ளன. பதினான்கு ஆண்டுகளில் நினைவகம் நான்கு மடங்காகியிருக்க, சேமிப்பக எண் 320இலிருந்து 256ஆகக் குறைந்துள்ளது. கிகாபைட் கணக்கை மட்டும் நம்புபவர் இதைப் பின்னடைவு என்றே சொல்ல வேண்டியிருக்கும். பயன்படுத்திப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். பேருந்திலும் ரயிலிலும் பையில் குலுங்கிச் செல்லும் கணினிக்குச் சுழலும் பாகம் இல்லாத இயக்ககமே பாதுகாப்பானது, பல மடங்கு வேகமானதும் கூட. எண் குறைந்தும் மதிப்பு கூடியிருக்கிறது.

எனினும் பழைய 320 கிகாபைட் வன்தட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது எல்லா மடிக்கணினிகளுக்கும் பொதுவான 2.5 அங்குல சாட்டா வகை. அதைக் கழற்றி அதே அளவுள்ள சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தி, எடை குறைந்த லினக்ஸ் பதிப்பு ஒன்றை நிறுவினால், கைவிடப்பட்ட அக்கணினி தட்டச்சுக்கும் நிரலாக்கப் பயிற்சிக்கும் இணைய வாசிப்புக்கும் மீண்டும் பயன்படும். 2011இல் அதை வாங்கியபோது எந்த விளம்பரமும் இச்சிறப்பைச் சொல்லவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அக்கணினியில் எஞ்சியிருக்கும் மதிப்பு இதுவே.

பற்றவைக்கப்பட்ட சேமிப்பகம்: சந்தையின் இரு முனைகள்

இன்று விலை உயர்ந்த கணினிகளிலும் மிகக் குறைந்த விலைக் கணினிகளிலும் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்படுகிறது. நடுத்தர விலைக் கணினிகளில்தான் மாற்றும் வசதி பெரும்பாலும் எஞ்சியுள்ளது.

மேல் முனைக்கு ஆப்பிள் எடுத்துக்காட்டு. 2025இல் இந்தியாவில் வெளிவந்த எம்4 மேக்புக் ஏர் 256 கிகாபைட்டுடன் 99,900 ரூபாய், 512 கிகாபைட்டுடன் 1,19,900 ரூபாய். கூடுதல் 256 கிகாபைட்டுக்கு 20,000 ரூபாய், அதாவது ஒரு கிகாபைட்டுக்குச் சுமார் 78 ரூபாய். அதே ஆண்டின் முற்பகுதியில், விலையேற்றத்துக்கு முன், பெயர்பெற்ற நிறுவனங்களின் 1 டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி ஏறத்தாழ 5,000 முதல் 7,000 ரூபாய்க்குள் கிடைத்தது. ஒரு கிகாபைட்டுக்கு 5 முதல் 7 ரூபாய். பத்து மடங்குக்கும் மேலான இந்த இடைவெளியைத் தொழில்நுட்பத்தால் மட்டும் விளக்க முடியாது. பயனர் வேறு கடைக்குப் போக முடியாது என்பதன் விலையும் அதில் சேர்ந்துள்ளது.

கீழ் முனைக்கு 2023இல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக் எடுத்துக்காட்டு. 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் இஎம்எம்சி சேமிப்பகமும் கொண்டது. இஎம்எம்சி பலகையோடு ஒட்டியது, எஸ்எஸ்டியை விட மெதுவானது. நினைவக அட்டை செருகிக் கோப்புகளை வைக்கலாம் என்பது ஆறுதல். ஆனால் உள்ளிருக்கும் சேமிப்பகம் பழுதானால் அட்டை அதற்கு ஈடாகாது.

ஒன்று லட்சத்தைத் தொடும் கணினி, மற்றொன்று இருபதாயிரத்துக்கும் கீழ். விலைப்பட்டியலில் இரண்டும் எதிரெதிர் துருவங்கள். சேமிப்பகம் கெட்டால் நேரும் நிலை மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: பலகையை மாற்ற வேண்டும், அல்லது கணினியை ஒதுக்க வேண்டும்.

மறுதரப்பு வாதங்கள்

பற்றவைப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களையும் கருத வேண்டும். கணினி மெலிதாகிறது, இணைப்புகள் குறைவதால் தளர்ந்து பழுதாவதும் குறைகிறது, குறியாக்கம் செய்யப்பட்ட தரவைத் திருடன் கழற்றிச் செல்ல முடியாது என்பன அவை. மேக்புக் ஏர் போன்றவை மின்கல ஆயுளிலும் மறுவிற்பனை விலையிலும் முன்னிற்கின்றன என்பதும் உண்மை. கூடுதல் இடம் வேண்டுபவர் வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றை மலிவாக வாங்கி இணைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் மெலிவு பற்றிய வாதத்துக்கு மட்டும் ஓரளவு வலு உண்டு. எம்.2 வகை எஸ்எஸ்டியே மெல்லிய பலகைதான் என்பதால் அதுவும் முழு வலு அல்ல. நல்ல எம்.2 எஸ்எஸ்டி நொடிக்கு 7,000 மெகாபைட் வரை படிப்பதால் வேகத்தைக் காரணம் காட்டவும் இயலாது. குறியாக்கம் கழற்றக்கூடிய இயக்ககத்திலும் இயலும். ஆப்பிளே 2024இன் எம்4 மேக் மினியில் சேமிப்பகத்தைக் கழற்றக்கூடிய தனிப் பலகையாக வைத்திருக்கிறது. ஆனால் அது எம்.2 தரநிலையில் இல்லை. 1985இல் அட்டாரி செய்ததை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஆப்பிள் செய்கிறது. அட்டாரிக்குத் தரநிலை இன்னும் முடிவாகவில்லை என்ற காரணமாவது இருந்தது.

திருத்தணியிலிருந்து பார்த்தால்

பெருநகரவாசிக்கு இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். திருத்தணி போன்ற ஊரில் அது பெரிது. ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வூரிலும் சுற்றியுள்ள பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பகுதிகளிலும் விசைத்தறியையும் சிறு வணிகத்தையும் நம்பிய குடும்பங்கள் பல. இங்கு ஒரு வீட்டிற்கு ஒரு கணினி என்பதே பெரிது. மூத்தவர் கல்லூரியை முடித்ததும் இளையவருக்கு அது கைமாறும். அத்தகைய வீட்டில் கணினி மூன்றாண்டு உழைக்குமா ஏழாண்டு உழைக்குமா என்பது வசதி பற்றிய கேள்வி அன்று, இளையவர் படிப்பில் கணினி இருக்குமா என்ற கேள்வி.

கழற்றக்கூடிய இயக்ககம் பழுதானால், ஊரிலுள்ள பழுதுநீக்கும் கடையிலேயே ஒரு திருப்புளியால் வேலை முடியும். உதிரிப்பாகம் இல்லையென்றால் புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரல் வரை போய், அண்ணா சாலை அருகேயுள்ள ரிச்சி தெருவில் நாலைந்து கடைகளில் விலை கேட்டு வாங்கி மாலைக்குள் திரும்பலாம். பற்றவைத்த இயக்ககம் பழுதானாலோ அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திற்கே செல்ல வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் முழுப் பலகைக்கும் விலை கேட்பார்கள். அது பல சமயம் கணினியின் எஞ்சிய மதிப்பையே தாண்டிவிடும். பயணச் செலவும் வேலையிழந்த நாள்களும் எந்த விலைப்பட்டியலிலும் இருப்பதில்லை.

ஒப்பிடும்போது கேட்க வேண்டியவை

இரு கணினிகளுக்கிடையே தேர்வு செய்யும் மாணவர் கீழ்க்கண்டவற்றைக் கடைக்காரரிடம் கேட்டறிவது நல்லது.

1. சேமிப்பகம் எந்த வகை? வன்தட்டா, சாட்டா எஸ்எஸ்டியா, என்விஎம்இ எஸ்எஸ்டியா, இஎம்எம்சியா?
2. அது கழற்றக்கூடியதா? இரண்டாவது இயக்ககத்துக்குக் காலி இடம் உள்ளதா?
3. பயனரோ உள்ளூர்க் கடைக்காரரோ அதை மாற்றினால் உத்தரவாதம் நீங்குமா?
4. நினைவகமும் கூட்டக்கூடியதா? 8 கிகாபைட் பற்றாதபோது இயங்குதளம் சேமிப்பகத்தைத் துணை நினைவகமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், இவ்விரண்டும் தொடர்புடையவை.
5. இன்று குறைந்த கொள்ளளவில் வாங்கி, ஈராண்டு கழித்துக் கூட்டினால் மொத்தச் செலவு எவ்வளவு? இன்றே பெரிய கொள்ளளவில் வாங்கினால் எவ்வளவு?

ஐந்தாவது கேள்விக்கான விடையே உண்மையான விலை. எம்.2 இடமுள்ள கணினியில் இன்று 256 கிகாபைட் போதும், விலை இறங்கும்போது கூட்டிக்கொள்ளலாம். பற்றவைத்த கணினியில் நான்காண்டுத் தேவையை இன்றே ஊகித்து, இன்றைய விலையில் செலுத்த வேண்டும். எந்தக் கணினியாக இருந்தாலும் முக்கியக் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படி வைத்திருப்பது கட்டாயம். இயக்ககத்தை மீண்டும் வாங்கலாம், ஆய்வேட்டை வாங்க முடியாது.

மதிப்பீடு

ஒப்பிடப்பட்ட கணினிகளில் எதுவும் முழுக்க மோசமானதோ முழுக்கச் சிறந்ததோ அன்று. அட்டாரி மலிவு விலையில் ஆற்றல்மிக்க கணினியைத் தந்தது. மேக் பிளஸ் அதிக விலைக்குத் திறந்த இணைப்பைத் தந்தது. இன்றைய மேக்புக் ஏர் சிறந்த செயலியை வைத்து, சேமிப்பகத்தில் லாபம் பார்க்கிறது. அரசு மடிக்கணினி தேவையான அளவைத் தருகிறது. இவற்றை ஒரே தட்டில் வைத்து நிறுக்க ஒரு கிகாபைட்டின் விலை உதவாது, ஏனெனில் அந்த விலை வெள்ளத்தாலும் தரவு மையத்தாலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. வாங்கியவர் தன் கணினியின் இயக்ககத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையோ கணினி உள்ளவரை மாறாதது.

அரசு லட்சக்கணக்கில் கணினி வாங்கும்போது இந்த உரிமையை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக வைத்து, வழங்கும் நாளில் மாணவர்களுக்கும் அதைத் தெரிவிக்கலாம். பெட்டியின் மேல் கொள்ளளவை அச்சிடும் இடத்தில் ‘இயக்ககத்தை மாற்றலாம்’ என்றோ ‘மாற்ற இயலாது’ என்றோ ஒரு வரி சேர்த்தால் போதும். கடையில் நிற்கும் பெற்றோருக்கு 256, 512 என்ற எண்களைவிட அந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.